சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த நாத்தனார்

என் கணவரின் தங்கை டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் இருக்கிறாள். நாங்கள் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில். கல்யாணமான புதிதில் நாத்தனார் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று என் சித்திகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் எனக்கு வாய்த்த நல்ல சிநேகிதி யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். அவளைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அதை அவளிடம் நேராகச் சொன்னால் கேலி செய்வாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல். பெண்ணைக் காலேஜில் விட்டுவிட்டு வந்த பிறகு சனி, ஞாயிறுகள் பெரியதாகிவிட்டன. எங்கள் தெருவில் இருந்த ஒரு தோழி கூப்பிட்டாள், போனேன். ஓடையோரப் பாதையில் விழுந்து எழுந்து, ஒரு வழியாக வளைகுடாத் தண்ணீர் தெரிகிற இடம் வரை ஓட்டிய நாளில், மௌரி அவென்யூ கடையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளிலிருந்தே ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுவேன். கலிபோர்னியாவில் பெரியவர்களுக்கு அது கட்டாயமில்லை, பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் சட்டம். இருந்தாலும் நான் விழுந்த அழகை நானே பார்த்திருக்கிறேன் அல்லவா.

நியூசிலாந்துக்குப் போவது என்பது நானும் அந்தத் தோழியும் சேர்ந்து போட்ட திட்டம். தென்தீவில் பழைய ரயில் பாதை ஒன்றைத் தண்டவாளங்களை எடுத்துவிட்டு சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். மலைகளுக்கும் ஆட்டுப் பண்ணைகளுக்கும் நடுவே சில நாட்கள் ஓட்டிக்கொண்டே போகலாம். வழியில் சின்னச் சின்ன ஊர்களில் தங்கலாம். எல்லாம் முடிவான பிறகு தோழியின் மகளுக்குப் பிரசவத் தேதி முன்னால் வந்துவிட்டது. என் கணவருக்கு முழங்கால் சரியில்லை. டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, நான் வரட்டுமா?"

நான் கொஞ்சம் தயங்கினேன். அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, அப்போதுதான் உடம்பு தேறிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாங்க. எந்த நாட்டுல பண்ணணும்னு சொல்லல."

பேர்லேண்டில் காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. ஆனால் சிகிச்சை முடிந்ததும் அவள் ஒரு சைக்கிள் வாங்கி, விடியற்காலையில் தங்கள் குடியிருப்பின் தெருக்களை மட்டும் சுற்றிச் சுற்றி வருவாள். தலையில் எதுவும் இருக்காது. டெக்சாஸிலும் பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை.

அவள் தலையில் எதுவும் போடாததற்கு வேறு காரணம் இருந்தது. கீமோவில் முடி கொட்டிய மாதங்களில் நான் லீவு போட்டுவிட்டு இரண்டு தடவை அங்கே போய்ச் சமைத்துப் போட்டேன். அவளுக்கு விலை கூடிய விக் ஒன்று வாங்கியிருந்தார்கள். ஹூஸ்டன் புழுக்கத்தில் அது அரிக்கும். வீட்டுக்குள் ஸ்கார்ஃப், தூங்கும்போது பருத்தித் தொப்பி, கோவிலுக்குப் போகும்போது விக். ஒரு நாள் இந்தியன் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெரிந்த ஆன்ட்டி ஒருவர் வந்து, "புது ஹேர்ஸ்டைல் நல்லா இருக்கும்மா, எங்க கட் பண்ணின?" என்று கேட்டார். இவள் சிரித்தபடி ஏதோ ஒரு கடைப் பெயரைச் சொன்னாள். காருக்கு வந்ததும் விக்கைக் கழற்றி, வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

முடி திரும்ப முளைத்தபோது சுருட்டையாக, பாதி வெள்ளையாக வந்தது. சாயம் போடவில்லை. "இனிமே என் தலையில எதுவும் ஏறாது அண்ணி" என்றாள். குடைகூடப் பிடிக்க மாட்டாள். பெருமாள் சன்னதியில் சடாரி வைப்பதற்கு மட்டும் குனிவாள்.

இது தெரிந்ததால், கிளம்புவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன்: நியூசிலாந்தில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும், அங்கே அதுதான் சட்டம்.

"அங்க போய் பாத்துக்கலாம்" என்றாள். அந்தக் குரலின் அர்த்தம் எனக்குத் தெரியும். அவள் அண்ணனும் அப்படித்தான் சொல்வார்.

அங்கே இலையுதிர் காலம் தொடங்கியிருந்தது. பாதை ஆரம்பிக்கிற சிற்றூரில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தவர் எங்கள் வயதுப் பெண்மணி. நரைத்த பின்னல், கையெல்லாம் கிரீஸ். எங்கள் உயரத்துக்கு இருக்கையைச் சரிசெய்து, பிரேக்கை அழுத்திக் காட்டி, ஆளுக்கொரு ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டினார். நாத்தனார் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தனக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள்.

கடைக்காரம்மா அவளைப் பார்த்தார். அவள் முடியையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் போட்டாக வேண்டும், அதனால் ஒவ்வொரு சைக்கிளோடும் நான் கொடுத்தனுப்ப வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊரைத் தாண்டிவிட்டால் பாதையில் போலீஸ் யாரும் நிற்பதில்லை, அந்த வளைவுக்கு அப்பால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது என் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அவர் பங்குக்கு அது கருணைதான். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. நாத்தனாரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இது ஸ்கார்ஃப் இல்லம்மா, ஹெல்மெட்."

"தெரியும் அண்ணி. தலையில போடறதுதானே."

"நாம இவங்க ஊருக்கு வந்திருக்கோம். இவங்க ரூல்."

"இவங்க தலைக்கு இவங்க ரூல் போட்டுக்கட்டும். ஒரு வருஷம் என் தலை என்னோடதா இருந்துச்சா? டாக்டர் சொன்னா மொட்டை, ஊருக்கு பயந்து விக். இப்பதான் திரும்ப என் கைக்கு வந்திருக்கு."

"விசாவுல இருந்தப்ப எவ்ளோ ரூல் ஃபாலோ பண்ணினோம்? ஃப்ரீவேல ஸ்பீட் லிமிட்டுக்கு கீழதான் டிரைவ் பண்ணுவே. உங்கண்ணன் உன்னை மாட்டு வண்டின்னு கிண்டல் பண்ணுவார்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது பயம் அண்ணி. ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினாகூட க்ரீன் கார்டுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ரூல மதிச்சேன்னு சொல்லாதீங்க. பயந்தேன். இப்ப எனக்கு எதுக்கும் பயம் இல்ல."

எங்கள் தலைமுறையில் வந்த எல்லோரையும் பற்றி அவள் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பயம் போன பிறகு மரியாதையும் போய்விட வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சண்டையாகும் என்று விட்டுவிட்டேன்.

அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "உங்களுக்கும் கஷ்டம் வேணாம், அந்தம்மாவுக்கும் வேணாம். ஹெல்மெட் போடாம ஓட்டக் கூடாது, அவ்ளோதானே? நான் ஓட்டல. தள்ளிட்டு வர்றேன்."

"எத்தனை நாள் தள்ளுவே?"

"முடியற வரைக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்துவந்து கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி தெருவில் இறங்கிவிட்டாள். நானும் என்னுடையதைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். வேறென்ன செய்வது. கடைக்காரம்மா வாசலில் நின்று துணியில் கையைத் துடைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரைத் தாண்டினோம். அந்த வளைவையும் தாண்டினோம். பாதையில் ஈ காக்கை இல்லை. அவள் ஏறி ஓட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏறவில்லை. சரளைக் கல்லில் டயர் நறநறக்க, நடந்துகொண்டே இருந்தாள். யாரும் பார்க்காத இடத்திலும் தான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தாள். என் பெருமை அங்கேதான் தொடங்கியது. ஹெல்மெட் போடச் சொன்ன எனக்கு, ஹெல்மெட் போடாமல் நடக்கிறவளைப் பார்த்துப் பெருமை.

பின்னாலிருந்து சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த வயதான தம்பதி பிரேக் பிடித்து நின்று, பங்க்சரா என்று கேட்டார்கள். இல்லை, சும்மா நடக்கிறோம் என்றேன். அவர்கள் நம்பாமல் பம்பை வெளியே எடுத்தார்கள். அடுத்து, குழந்தையைப் பின்வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ஒரு அப்பா வந்தார். குழந்தையின் தலையில் கிண்ணம் போல ஒரு குட்டி ஹெல்மெட். அவரும் நின்றார். செயின் கழன்றுவிட்டதா, நான் பார்க்கட்டுமா என்றார். அதற்குப் பிறகு பண்ணை வேலைக்காரர் ஒருவர், அப்புறம் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். ஒருவர்கூட எங்களைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகவில்லை.

"அண்ணி, பேர்லேண்ட்ல நான் ரோட்டோரமா இப்படி நடந்தா யாராவது நிப்பாங்களா?"

"அங்க நீ நடந்தாலே போலீஸ கூப்பிடுவாங்க."

அவள் சிரித்தாள். நடையில் ஒரு நன்மை, பேசிக்கொண்டே போகலாம். சிகிச்சை நடந்தபோது எங்களிடம் சொல்லாத பலவற்றை அன்று சொன்னாள். விக்கைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது அது மெல்ல நழுவியதாம், கன்னத்தில் கை ஊன்றுவது போல அதைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் டிசைன் ரிவியூ நடத்தினாளாம். அந்த பிராஜெக்டை அவள்தான் கடைசிவரை பொறுப்பேற்று முடித்தாள். இதை அவள் நகைச்சுவையாகச் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

பாதை எங்களுக்குத் தெரியாமலே ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. ரயிலுக்காகப் போட்ட பாதை, அதனால் ஏற்றம் காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வெயில் உச்சிக்கு வந்தபோது, பாறைகளைக் குடைந்து வெட்டிய ஒரு இடைவெளியைத் தாண்டினோம். சட்டென்று முன்னால் பள்ளத்தாக்கு முழுவதும் திறந்துகொண்டது. மஞ்சளாகத் தொடங்கியிருந்த மரங்கள், புல்வெளிகள், தூரத்தில் நீல மலைகள். பாதை அந்தப் பள்ளத்தாக்கின் ஓரமாக நீளமாக, வளைந்து வளைந்து இறங்கிப் போயிற்று.

அவள் நின்றாள். ஹூஸ்டன் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இறக்கம் என்பதே கிடையாது. தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். அங்கே மேடு என்றால் ஃப்ரீவே மேம்பாலம்தான்.

"அண்ணி, பெடல் பண்ணாமலே எது வரைக்கும் போகும்?"

"கீழ தெரியற அந்த மரங்க வரைக்கும் போகும்னு நெனைக்கிறேன்."

அவள் பாதையைப் பார்த்தாள். முன்னும் பின்னும் யாருமில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாகக் குடித்தேன். எதுவும் பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவள் அப்படியே ஏறிப் போனாலும் தடுக்க மாட்டேன், ஆனால் பின்னால் கும்பிட்டுக்கொண்டே போவேன்.

அவள் கைப்பிடியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த பஞ்சுத் திண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு சட்டென்று தலையில் வைத்துக்கொண்டாள். தாடைக்குக் கீழே பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. சரிசெய்துவிட எனக்குக் கை துறுதுறுத்தது. பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளே முறுக்கைப் பிரித்து, பூட்டி, பின்னால் இருந்த திருகைத் திருகிச் சரிசெய்தாள். சுருட்டை முடி காதோரங்களில் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

"ஜெயிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதீங்க" என்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதத்தான் சொல்றேன்."

ஏறினாள். நான் பின்னால். அவள் பிரேக்கைத் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். முதல் வளைவு வரை தோள்களை இறுக்கி வைத்திருந்தாள், அதற்குப் பிறகு தளர்ந்துவிட்டது. சட்டை காற்றில் புடைத்தது. நடுவில் ஏதோ கத்தினாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. மரங்களின் அடியில் போய் நின்றபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காற்று என்றாள். காற்றுதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கியது ஒரு பண்ணை வீடு. வீட்டுக்காரர் சூப் பரிமாறியபோது அவர் இடுப்பில் இருந்த கருவி ஏதோ சத்தம் போட்டது. கரண்டியை வைத்துவிட்டு ஓடினார். அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் ஓட்டுவது அவர்தானாம், சம்பளமில்லாமல், ஊர்க்காரர்களே முறைவைத்துக்கொண்டு செய்வது என்று அவர் மனைவி சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, யாரோ ஏணியிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை என்று ஆறிய சூப்பைக் குடித்தார்.

அறைக்கு வந்ததும் நாத்தனார் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"காலைல நீங்க சட்டம் சட்டம்னு சொன்னப்ப எனக்கு ஏறவே இல்ல அண்ணி. சட்டம்னா எனக்கு கவுன்ட்டர்ல உக்காந்திருக்கற ஆபீசர்தான் ஞாபகம் வரும். ஆனா நடந்து வர்றப்ப அத்தனை பேரும் நின்னு கேட்டாங்க பாருங்க. நான் விழுந்தா அவங்கதான் தூக்கணும். இந்த மனுஷன்தான் சூப்ப விட்டுட்டு ஓடி வரணும். அவங்க ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க, போட்டுக்கோன்னு. அத செய்யாம இருக்க எனக்கு வெக்கமா இருந்துது."

"அரிக்குதா?"

"கொஞ்சம். விக் அளவுக்கு இல்ல."

மீதி நாட்களில் அவள் எனக்கு முன்னால்தான் ஓட்டினாள். காலையில் சைக்கிளில் ஏறும்போது போடுவாள், நிறுத்தியதும் முதல் காரியமாகக் கழற்றித் தலையை உதறிக்கொள்வாள். ஒரு பழைய சுரங்க வழியின் வாசலில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது நான்கைந்து அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். உற்சாகமான ஆட்கள். அவர்கள் ஹெல்மெட்கள் கைப்பிடிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. பேச்சுக்கொடுத்தார்கள். இவள் டெக்சாஸ் என்றதும் அவர்களில் ஒருவர், நானும் டெக்சாஸ்தான், ஆஸ்டின், என்று கை குலுக்கினார். கிளம்பும்போது இவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவதைப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் பார்க்கவில்லை அம்மா, நம்ம ஊரில் நாம் இதையெல்லாம் போடுவோமா என்று சிரித்தார்.

இவள் பட்டையைப் பூட்டிக்கொண்டே, இது நம்ம ஊர் இல்லையே என்றாள். அவ்வளவுதான். குத்தலாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். பிறகு டார்ச்சைப் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்விட்டாள். நான் அவள் பின்னால் போனேன், அவர்களும் வந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அவரும் அவர் கூட வந்த ஒரு பெண்ணும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் போடவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. நெஞ்சு நிமிர்த்தி ஓட்டினேன். இத்தனைக்கும் நான் எதுவும் செய்யவில்லை.

பயணம் முடிந்து விமான நிலையத்திலிருந்து என் கணவருக்குப் போன் செய்தேன். "என்ன, நீ சொன்னத கேட்டாளா?" என்றார்.

"நான் சொன்னத கேக்கல. அவளா யோசிச்சு செஞ்சா."

"அதான பாத்தேன்" என்றார். குரலில் ஒரு அண்ணனின் கர்வம் இருந்தது.

இப்போது அவள் பேர்லேண்டில் சில நாள் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறாள், சில நாள் போடுவதில்லை. போட்டால் எனக்கு நிம்மதி, ஆனால் கேட்பதில்லை. அங்கே சட்டமே அதை அவள் முடிவுக்கு விட்டிருக்கிறது, நானும் விட்டுவிட்டேன். போன வசந்தத்தில் அங்கே போனபோது விடியற்காலையில் எழுப்பினாள். அவளோடு சிகிச்சை எடுத்துக்கொண்ட இரண்டு பெண்கள் வாசலில் சைக்கிளோடு நின்றார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர். இன்னொருவர் மதுரை. சிகிச்சை முடிந்து அவருக்கு அது முதல் சைக்கிள் நாள், தலையில் முடி இன்னும் பூனை ரோமமாகத்தான் இருந்தது. ஏறத் தயங்கிக்கொண்டு நின்றார்.

நாத்தனார் அவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் புடிச்சிருக்கேன், நீங்க முன்னால மட்டும் பாருங்க" என்றாள்.

அந்தப் பெண் முன்னால் பார்த்துப் பெடலை மிதித்தார். அகலமான, ஆளில்லாத தெரு. கராஜ் கதவுகள் இன்னும் திறக்கவில்லை. நாத்தனார் கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள், பிறகு கையை எடுத்துவிட்டு நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கோணலாக ஆடி, நிமிர்ந்து, முனையில் திரும்பிற்று.